ஏட்டிலே எஞ்சிய இசை நாடகம்

ஜுஸெப்பே வேர்டியின் புகழை உலகெங்கும் பரப்பிய இத்தாலிய இசை நாடகங்களுள் "ரிகொலெத்தோ" ஒன்று. அது வெனிஸ் நகரில் அரங்கேறியது 1851 மார்ச் மாதத்தில். அதற்கு நான்கே மாதங்களுக்கு முன், 1850 நவம்பர் 16ஆந் திகதி, திரியெஸ்தே நகரில் அவருடைய மற்றொரு நாடகம் மேடையேறிற்று. "ஸ்திபேலியோ" என்பது அதன் பெயர். அதுவோ ஒரு நூற்றாண்டு காலம் பெயரளவிலேயே வாழ்ந்தது.

கதை சிறிது, அக்காலத்துக்கு அது நெருப்பு. ஸ்திபேலியோ ஒரு புரட்டஸ்தாந்து போதகர். அவர் ஊரில் இல்லாத வேளையில் மனைவி லீனா வேறொருவனிடம் நிலைதவறுகிறாள். ஊருக்கெல்லாம் மன்னிப்பைப் போதித்தவர் தம் இல்லத்தில் மன்னிக்க இயலாது தவிக்கிறார். இறுதிக் காட்சி தேவாலயத்தில் நிகழ்கின்றது. பிரசங்க பீடத்தில் நின்று அவர் வேதப் புத்தகத்தை விரிக்கிறார். கண்ணிற் படுவது, விபசாரத்திற் பிடிபட்ட பெண்ணை இயேசு மன்னித்த வரலாறு. சபையோரிடையே லீனா இருக்கிறாள். அவர் வாசிக்கிறார், வாசித்தவாறே மன்னிக்கிறார்.

திரியெஸ்தே அன்று ஆஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட நகரம். வேதவாக்கியம் நாடக மேடையில் ஒலிப்பதைத் தணிக்கையாளர் பொறுக்கவில்லை. கணவராக அன்றிப் போதகராகத் தன் அறிக்கையைக் கேட்குமாறு லீனா இறைஞ்சும் இடம் ஒன்றுண்டு. அங்கே "போதகர்" என்ற விளியை நீக்கி வெறும் பெயரொன்றைப் புகுத்தினர். காட்சியின் உயிரே அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது! பிறிதொரு திருத்தத்திலோ போதகர் அரசாங்க அமைச்சராகவே மாறிவிட்டார். அமைச்சர் வழங்கும் பாவமன்னிப்பை எவர் நம்புவர்?

சலிப்புற்ற வேர்டி தம் கையெழுத்துப் படியிலிருந்தே பல பக்கங்களை எடுத்து, சிலுவைப்போர் வீரன் ஒருவனின் கதையாக மாற்றி, "அரோல்தோ" என்ற பெயரில் 1857இல் ரிமினி நகரில் அரங்கேற்றினார். தேவாலயக் காட்சி அதில் இல்லை. ஸ்கொத்லாந்து ஏரிக்கரையில் நிகழும் புதிய அங்கமொன்று அதனிடத்தைப் பிடித்தது. பழைய படியின் எஞ்சிய பகுதி தொலைந்ததென்றே பின்வந்தோர் எண்ணினர்.

தப்பியது அச்சிட்ட குரலிசை ஏடு மட்டுமே. பாடகர் பயிற்சிக்கென ஆக்கப்படும் ஏடு இது. மேலே பாடுவோரின் வரிகள். கீழே வாத்தியக் குழுவின் இசையனைத்தும் பியானோவின் இரு கைகளுக்குள் ஒடுக்கப்பட்டிருக்கும். சுரமும் தாளமும் உண்டு. எந்த வாத்தியத்தின் நாதம் என்பது பெரும்பாலும் இல்லை. முன்னிசையில் எக்காளம் தனித்து இசைக்கும் நீண்ட மெட்டுக்கூட இங்கே வலக்கை விரல்களின் வேலையாகச் சுருங்கிவிடும். ஆயினும் அம்முன்னிசை "அரோல்தோ"விலும் இடம்பெற்றமையால் அதன் முழு உருவம் அழியவில்லை. தேவாலயக் காட்சிக்கோ அத்தகைய துணையும் இல்லை.

அக்காட்சியை ஏட்டிற் பார்ப்பவருக்கு முதலில் ஏமாற்றமே உண்டாகும். பக்கம் வெறுமையாகத் தோன்றும். போதகரின் வாசகம் பெரிதும் ஒரே சுரத்தில், பேச்சுக்கு அருகே நிற்கின்றது. ஆண்குரலுக்கு மெட்டுக்களை அள்ளி வழங்கிய வேர்டி இங்கே ஒன்றும் வழங்கவில்லை. பாடகர் தம் குரல்வளத்தைக் காட்ட வழியே இல்லை. மன்னிக்கப்பட்டாள் என்ற சொல்லைச் சபையோர் ஏற்றுப் பாடும்போதுதான் அந்த வறட்சியின் பொருள் விளங்கும். பொறுமையோடு ஏட்டைப் புரட்டியவரே இதனைக் கண்டிருக்க முடியும்.

1960களில் நேப்பிள்ஸ் இசைக் கல்லூரி நூலகத்தில், பிரதியெடுப்போர் எழுதிய முழு வாத்தியப் படி கிடைத்தது. 1968 டிசம்பரில் பார்மா நகரின் அரங்கில் "ஸ்திபேலியோ" மீண்டும் ஒலித்தது. எக்காளம் எக்காளமாகவே கேட்டது. எனினும் தணிக்கையின் தழும்புகள் முற்றாக ஆறவில்லை. வேர்டியின் சந்தாகத்தா இல்லத்தில் அவர் வழித்தோன்றல்கள் காத்துவந்த கையெழுத்துத் தாள்கள் 1992இல் ஆய்வாளருக்குக் கிட்டின. அவற்றைக் கொண்டு செப்பனிட்ட பதிப்பு 1993இல் நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் அரங்கேறியது; போதகராகப் பாடியவர் பிளாசிடோ டொமிங்கோ. 1850இல் வெட்டுண்ட "போதகர்" என்னும் விளி, அப்பதிப்பில் லீனாவின் வாய்க்கு மீண்டது.