எடுக்காத நிறம்



துணி வெட்டி, ஆடை வடிவமைத்துப் பிழைக்கிற எங்களை இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்திருக்கிறீர்கள். அலங்காரத்துக்கும் விடுதலைக்கும் என்ன தொடர்பு என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் கடையில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம்.

கல்லூரி ஆண்டுவிழாவுக்கு உடை தைக்க வந்த ஒரு மாணவி, மஞ்சள் பட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எனக்கு எடுக்காதுக்கா" என்று தள்ளிவைத்தார். நாங்களும் மறுத்துப் பேசவில்லை. மங்கலான காப்பி நிறத்தை எடுத்துக் கொடுத்தோம். கறுத்த உடம்புக்குப் பளிச்சென்ற நிறம் கூடாது என்றே எங்களுக்கும் தொழில் கற்றுத் தந்திருந்தார்கள்.

அவர் போன பிறகுதான் அந்தக் 'கூடாது' உறுத்தியது. நம் பாட்டிமார் கேட்ட சொல் அது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மீது 8 தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப்பு வைக்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை அணியக் கூடாது. பூ வைக்கக் கூடாது. மஞ்சள் பூசக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி இதைப் பதிவுசெய்திருக்கிறார். ஒரு முழம் பூவுக்கு ஒரு குடிசை விலையாக இருந்த காலம் அது.

அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பு, 1927 டிசம்பரில், மகத் மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கும் கனத்த நகைகளைக் கழற்றுங்கள், மற்றப் பெண்களைப் போலக் கணுக்கால் மறையச் சேலை கட்டுங்கள் என்றார். நீர் உரிமைக்குப் போராடிய அதே ஊரில் சேலைக் கட்டும் போராட்டமானது.

அன்று மற்றவர்களைப் போல உடுத்துவதே கலகம். இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தடை கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 1975 முதல் இந்தியாவில் விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறியது, பெண் பார்க்க வருகிறவர்களின் கண் மாறவில்லை.

"உன்னை நீ ஏற்றுக்கொள்" என்று ஒரு பெண்ணிடம் சொல்வது எளிது. அவளுக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற கையும் மாற வேண்டும். இப்போது எங்கள் கடையில் "எடுக்குமா" என்ற பேச்சில்லை. "பிடித்திருக்கிறதா" என்று மட்டும் கேட்கிறோம். அந்த மாணவிக்கு நாங்கள் இன்னும் கடன்பட்டிருக்கிறோம்.

மாணவ நண்பர்களே, உங்கள் கல்லூரி விழாவில் பன்னீர் தெளித்து வரவேற்க யாரை நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். நிறம் பார்த்து நிறுத்தினால், ஏன் என்று கேளுங்கள். அந்த வரிசையில் மஞ்சள் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, கறுத்த நம் பெண் நிற்கட்டும்.

ஜெய்பீம்.