மருமகன் கொண்டுவர வேண்டிய இரண்டு பாட்டில்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

பிரெஞ்சு ஒயின் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நம் செயலாளர், "சார், யாரையும் குடிக்கச் சொல்லிடாதீங்க" என்றார். சொல்ல மாட்டேன். ஆனால் நம்மில் பலருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வரும்போது ஆசையாக வாங்கி வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் வரை கொண்டு வரலாம். அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. அந்த இரண்டில் காசு வீணாகக் கூடாது.

என் வீட்டில் வீணானது. இரண்டு தீபாவளிக்கு முன் மருமகன் விலை உயர்ந்த போர்தோ சிவப்பு ஒயின் கொண்டுவந்தார். அன்று மட்டன் சுக்கா; மிளகும் வத்தலும் தூக்கல். ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின்: நாக்கெல்லாம் கசப்பு, தொண்டையெல்லாம் எரிச்சல். சம்பந்தி மரியாதைக்காக ஒரு டம்ளர் குடித்தார். மீதி மறுநாள் சிங்க்கில் போனது. மருமகன் முகம் வாடியதுதான் எனக்கு வருத்தம்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இளம் போர்தோவில் டானின் என்ற துவர்ப்பு அதிகம். மிளகாயோடு சேர்ந்தால் அது கசக்கும். ஆல்கஹால் கூடினால் எரிச்சலும் கூடும். நம் காரத்துக்குத் துவர்ப்பு குறைந்த, லேசான, சற்று இனிப்பான ஒயின்தான் சரி. நல்ல வேளை, அவை பெரிய பெயர்களைவிட விலை குறைவு.

சாத்தூர்க் காராச்சேவு, பஜ்ஜிக்கு: கிரேமான். ஷாம்பெயினைப் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்க வைத்த நுரை ஒயின். ஷாம்பெயின் வட்டாரத்துக்கு வெளியே செய்வதால் பெயர் வேறு, விலையும் குறைவு. நுரை எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிடும்.

நாட்டுக்கோழிக் குழம்புக்கு: அல்சாஸ் வட்டாரத்து கெவுர்ஸ்ட்ராமினர். ரோஜா மணம் வரும் வெள்ளை ஒயின். இஞ்சி, பட்டை மசாலாவோடு ஒத்துப்போகும்.

எண்ணெய் பரோட்டா, சுக்காவுக்கு: பொஜொலே. சிவப்புதான், ஆனால் துவர்ப்பு குறைவு. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பார்கள். அது பிரான்சு நாட்டு அறை, சித்திரை மாதத்து இராஜபாளையம் அல்ல.

பால்கோவாவுக்கு: மோன்பசியாக். புகழ்பெற்ற சொத்தேர்னைப் போலவே, பூஞ்சணம் படிந்து சுண்டிய திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயின். விலை அதைவிடக் குறைவு. ஒயினின் இனிப்பு பலகாரத்தின் இனிப்புக்குக் குறையக் கூடாது, குறைந்தால் புளிக்கும். இதை நன்றாகக் குளிர வைத்துச் சின்னக் கிளாஸில் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

லேபிளில் என்ன பார்ப்பது? ஊர்ப் பெயர். எந்தப் பெட்டியிலும் 'பால்கோவா' என்று அச்சடிக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்றால் 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு உண்டு. பிரான்சில் இதே ஏற்பாடு 1935 முதல் இருக்கிறது. ஏஓசி அல்லது ஏஓபி என்ற எழுத்துகளோடு வட்டாரத்தின் பெயர் இருக்கும். பாட்டிலின் கனத்தையும் தங்க எழுத்தையும் பார்த்து ஏமாற வேண்டாம்.

குடிக்காதவர்களுக்கும் ஒன்று. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம் அது. அதன் சாற்றைச் சர்க்கரை சேர்க்காமல் குளிர வைத்துக் காராச்சேவோடு குடித்துப் பாருங்கள். பந்தியில் யாரும் வெறும் டம்ளரோடு உட்கார வேண்டியதில்லை.

போன வாரம் மருமகன் போனில் கேட்டார்: "மாமா, இந்தத் தீபாவளிக்கு எது வாங்கட்டும்?" "ஒரு பொஜொலே, ஒரு மோன்பசியாக். மிச்சக் காசுக்குப் பேத்திக்குப் பட்டாசு வாங்கிக்கலாம்" என்றேன். சிரித்துவிட்டார்.