சொட்டா, சிரிஞ்சா, பம்ப்பா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்கு அஞ்சு நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் அஞ்சு நிமிஷத்துக்குள் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைப் பற்றியே பேசுகிறேன்.

பத்துக் கிலோ குழந்தை ஷாக்கில் வருகிறது. கை கால் சில்லிட்டு, நாடி கைக்குத் தட்டுப்படவில்லை. கிலோவுக்கு 20 மி.லி. கணக்கில் 200 மி.லி. நார்மல் சலைன் வேகமாக ஏற்ற வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எப்படி ஏற்றுவீங்க?

"ஸ்டாண்டில் மாட்டி, ரோலரை முழுசா திறந்து விடுவேன் சார்" என்பதுதான் வழக்கமான பதில். 2007-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படித் தானாக இறங்க விட்டபோது அஞ்சு நிமிஷத்தில் கிலோவுக்குச் சுமார் 6 மி.லி.தான் போனது. அதாவது நம் குழந்தைக்கு வெறும் 60 மி.லி. பிரஷர் பேக்கிலும், சிரிஞ்சால் இழுத்துத் தள்ளிய முறையிலும் 20 மி.லி. போய்ச் சேர்ந்தது.

"பம்ப் இருக்கே சார்?" என்பீர்கள். பல பம்ப்புகளின் உச்ச வேகம் மணிக்கு 999 மி.லி. 200 மி.லி. போக 12 நிமிஷம் ஆகும். இருபது கிலோ பையன் என்றால் 24 நிமிஷம்! பம்ப் துல்லியத்துக்கு, அவசரத்துக்கு அல்ல.

பிரஷர் பேக் நம் கையை விடுவிக்கும். ஆனால் பைக்குள் காற்று இருந்தால் ஆபத்து. கவனம் தப்பினால் முழுப் பையும் உள்ளே போய்விடும். கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டில் என்றால் அது உதவவும் உதவாது. சிரிஞ்சுக்குத் தேவை ஒரு மூன்று வழி ஸ்டாப்காக், ஒரு 20 மி.லி. சிரிஞ்ச், சுத்தமான ஒரு ஜோடி கை. பத்துத் தள்ளு, கணக்கு முடிந்தது. ஊசி குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கட்டும். நரம்பு கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டே நிற்காதீர்கள். முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் போடுங்கள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். வேகமாக ஏற்றத் தெரிவது பாதி வித்தைதான். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறந்தார்கள். அப்படி ஏற்றாதவர்களில் சுமார் ஏழு பேர். அங்கே வென்டிலேட்டர் வசதி கிடையாது. அதனால்தான் 2020-ல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டி, தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடத்தில், ரத்த அழுத்தம் இறங்காத குழந்தைக்கு இந்த வேகத் திரவம் வேண்டாம் என்கிறது. வசதி இருந்தாலும் தவணைக்கு 10 முதல் 20 மி.லி.தான்.

சின்னக் குழந்தைக்குச் சிரிஞ்சையே நான் விரும்புவது இதனால்தான். ஒவ்வொரு தள்ளலும் கணக்கில் இருக்கிறது. நிறுத்துவதும் கையில் இருக்கிறது. தவணைக்குத் தவணை மூச்சு வேகத்தைப் பாருங்க, கல்லீரல் இறங்குகிறதா என்று தொட்டுப் பாருங்க, நெஞ்சில் ஸ்டெத் வையுங்க. ஒன்று மாறினாலும் நிறுத்திவிடுங்க. டெங்குபோல மணிக்கணக்கில் அளந்து கொடுக்க வேண்டிய கட்டத்தில் பம்ப் வரட்டும். இல்லையென்றால் மைக்ரோ டிரிப் போதும். அதில் 60 சொட்டு ஒரு மி.லி. ஆகையால் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டோ, மணிக்கு அத்தனை மி.லி.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் பம்ப் இல்லாமல் இருக்கலாம். சிரிஞ்ச் நிச்சயம் இருக்கும். அதைப் பிடிக்கும் கையும், எப்போது நிறுத்துவது என்று பார்க்கும் கண்ணும் உங்களுடையவை.