தேற்றுவோரைத் தேற்றுவோம்



2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில், தமிழகத்திலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பாட்டிமாரும் சிற்றன்னையரும் ஏற்று வளர்த்தனர். அவர்களும் அதே அலையைக் கண்டவர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

பேரிடர் கழிந்து மாதங்கள் சென்ற பின்னரும் உறக்கமின்மை, திடுக்கிடல், நடந்தது மீண்டும் கண்முன் தோன்றல் ஆகியன நீடித்தால், அது மனத்தின் காயம். பேய்க்கோளாறும் அன்று, கோழைத்தனமும் அன்று. வளர்ப்பவர் அஞ்சினால் குழந்தையும் அஞ்சும். ஆதலின் குடும்பத்தோடு சேர்த்தே சிகிச்சை செய்வது நலம்.

இம்முறையில் சில குடும்பங்கள், பயிற்சி பெற்ற மனநல ஊழியருடன் குறித்த நாட்களில் ஒன்றாக அமர்கின்றன. காயத்தின் தன்மையை அறிகின்றன. மூச்சுப் பயிற்சி பழகுகின்றன. ஒரு வீட்டார் கண்ட வழியை மற்றவர் கேட்டறிகின்றனர். நடந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது. அங்குக் கேட்டதை வெளியே பேசலாகாது.

பஞ்சாயத்து அளிக்க வேண்டியவை அமைதியான இடமும், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருடன் தொடர்புமே. 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

வீடு கட்டித் தருவதோடு நம் கடமை முடிவதில்லை. அவ்வீட்டில் வாழ்வோரின் மனத்தையும் நிமிர்த்துவோமாக!