சாவி ஆளுக்கல்ல, பொறுப்புக்கு

(அறப்பணி நிதியத்தின் ஆண்டுக் கூட்டத்தையொட்டி, கேமரன் மலைத் தோட்டக் கோயில் பொறுப்பாளர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் திருமுறையையும் திருப்புகழையும் பேசி உங்கள் உள்ளத்தைக் குளிர வைத்தார்கள். எனக்குக் கொடுத்த தலைப்போ கணினி. கோயில் கோப்புகளை இணையத்தில் வைக்கும்போது யார் பார்க்கலாம், யார் எழுதலாம், யார் தொடக்கூடாது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இது பக்திக்குத் தொடர்பில்லாத விஷயம் என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். உங்கள் காணிக்கையும் உங்கள் பெயரும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

நான் இந்த மலையில் தேயிலைத் தோட்டத்துக் கிராணியாக வேலை பார்த்தவன். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நம்மவர்கள் இங்கே காட்டைத் திருத்தி, தேயிலை நட்டு, கொழுந்து பறித்து, லயத்துக்குப் பக்கத்திலேயே மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோயில் எழுப்பினார்கள். அந்த நாளில் கோயில் நிர்வாகம் முழுவதும் ஒரே தோட்டத்துக்குள் இருந்தது. தலைவர் ஒரு லயம், பொருளாளர் அடுத்த லயம். கணக்குப் புத்தகம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். வேண்டுமென்றால் நடந்து போய்ப் பார்த்துக் கொள்ளலாம்.

இன்று நிலைமை அப்படி இல்லை. பறிப்பு வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், இயந்திரமும் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் படித்து, ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் குடியேறிவிட்டார்கள். தலைவர் தானா ராத்தாவில் இருந்தால் செயலாளர் கிள்ளானில் இருக்கிறார். ஆகவே தகரப் பெட்டிக்குப் பதிலாக கூகல் டிரைவ், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்ற பொதுப் பெட்டிகள் வந்திருக்கின்றன. பெட்டி மாறியது சரி. பூட்டுப் போட மறந்துவிட்டோம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நான் செய்த தவற்றையே முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயிலில் செயலாளராக இருந்தேன். திருவிழா உபயப் பட்டியலைக் கணினி விரிதாளில் தயாரித்து, அதன் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்" என்று அமைத்தேன். எல்லாரும் சேர்ந்து செய்கிற வேலை, ஒளிவு மறைவு எதற்கு என்பது என் எண்ணம்.

ஆறாம் நாள் உபயம் ஒரு மூதாட்டியுடையது. கொழுந்து பறித்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். மறைந்த கணவர் பெயரில் ஆண்டுதோறும் செய்வார். அன்று ஈப்போவிலிருந்து மாலையும் பழமுமாகப் பேருந்தில் வந்து இறங்கினார். அர்ச்சனைக்கு அழைத்தபோது ஒலிபெருக்கியில் வேறொருவர் பெயர் வந்தது. கையில் தட்டை வைத்துக் கொண்டு அவர் நின்றார். "தம்பி, நீங்கதானே எழுதிக்கிட்டீங்க? அவரு பேரு எங்க போச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு பார்த்தோம். யாரோ ஒருவர் தம் கைத்தொலைபேசியில் பட்டியலைத் திறந்து, பெயர்ப் பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்தியிருக்கிறார். பெயர்கள் நகர்ந்துவிட்டன, நாள்கள் அங்கேயே நின்றுவிட்டன. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கிறார். கோப்பின் பழைய பதிப்பு கணினியில் இருந்தது, எடுத்துச் சரிசெய்தோம். ஆனால் அந்த அம்மாளின் ஆறாம் நாளை எந்தப் பதிப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது?

அன்பர்களே, அன்றைக்குத்தான் நான் கிராணியாக இருந்தபோது கற்றதை நினைத்துப் பார்த்தேன். தோட்டத்தில் ஸ்டோர் சாவி மண்டோரிடம் இருக்கும். அவர் மண்டோராக இருக்கும் வரைதான் இருக்கும். வேலை மாறினால் சாவியும் கை மாறும். சாவி ஆளுக்கல்ல, பொறுப்புக்கு. கணினியில் 'குரூப்' என்று சொல்லும் குழு முறையின் அடிப்படையும் இதுதான்.

ஆளுக்கு ஆள் உரிமை கொடுத்தால் என்ன ஆகும்? பத்துக் கோப்பு, பன்னிரண்டு செயலவையினர் என்றால் நூற்று இருபது இடத்தில் உரிமை எழுத வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான்கு பேர் மாறினால் எந்தக் கோப்பில் யார் பெயரை எடுத்தோம், எதில் மறந்தோம் என்பது யாருக்கும் தெரியாது. விலகிப் போனவர் பத்து ஆண்டு கழித்தும் கணக்கைத் திறந்து பார்க்கலாம். அதற்குப் பதிலாகக் 'கணக்குக் குழு', 'உபயக் குழு', 'விழாக் குழு' என்று குழுக்களை அமைத்து, கோப்புறையின் உரிமையைக் குழுவுக்குக் கொடுங்கள். ஆள் மாறும்போது குழுவின் பெயர்ப் பட்டியலை மட்டும் மாற்றினால் போதும்.

இது வெள்ளைக்காரன் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் குடவோலை முறையில் ஆள் எடுத்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பிரித்தார்கள். ஏரியைப் பார்ப்பவர் ஏரியைப் பார்த்தார். பதவி 360 நாள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. குழு, கால வரம்பு, கணக்குக் காட்டும் கடமை மூன்றையும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் முன்னோர் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

நம் காலத்துக் கணினி அறிஞர்களும் இதே இடத்துக்குத்தான் வந்தார்கள். 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, ஒருவருக்கு அவர் வேலைக்கு வேண்டிய அளவு உரிமைதான் கொடுக்க வேண்டும். மற்றொன்று, முக்கியமான பூட்டுக்கு இரண்டு சாவி இருப்பது நல்லது. ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. நம் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, தலைவரிடம் ஒரு சாவியும் பொருளாளரிடம் ஒரு சாவியும் கொடுப்பதில்லையா? அதே கருத்துத்தான்.

உண்டியல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1989-இல் லோட்டஸ் நோட்ஸ் என்ற அலுவலக மென்பொருள் வெளிவந்தது. பலர் ஒரே கோப்பைப் பகிர்ந்து வேலை செய்ய வழி செய்த முன்னோடி அது. அதில் உரிமைக்கு ஏழு படிகள். ஒரு படியில் இருப்பவர் தம் தகவலை உள்ளே போடலாம். உள்ளே இருக்கும் எதையும் பார்க்க முடியாது. இது நம் உண்டியல்தானே! அந்த மென்பொருளை 2019-இல் எச்.சி.எல். நிறுவனம் ஐ.பி.எம்.மிடமிருந்து வாங்கிக் கொண்டது. அந்த நிறுவனத்தை நிறுவியவர்களில் முதன்மையானவரான ஷிவ் நாடார், செந்திலாண்டவன் கோயில் கொண்ட தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்தவர்.

இனி, நாளைக்கே செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலாவது, கோயில் கோப்புகள் எவருடைய சொந்த மின்னஞ்சல் கணக்கிலும் இருக்கக்கூடாது. செயலாளர் இறந்துவிட்டால், அல்லது மனக்கசப்பில் விலகிவிட்டால், கோப்புகளும் போய்விடும். இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை அழித்துவிடும் முறையை கூகல் நிறுவனம் 2023 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். கோயிலுக்கு நிலம் கொடுத்த கடிதத்தின் நகல் அப்படி ஒரு கணக்கில் மாட்டிக் கொண்டால் நம் நிலை என்ன? அமைப்புகளுக்கான கணக்கில் 'ஷேர்டு டிரைவ்' என்ற வசதி உண்டு. அதில் வைக்கும் கோப்பு அமைப்புக்கே சொந்தம். வைத்தவர் போனாலும் கோப்பு இருக்கும்.

இரண்டாவது, "இணைப்பு உள்ள எவரும்" என்ற அமைப்பை எடுத்துவிடுங்கள். பார்ப்பவர், கருத்துச் சொல்பவர், திருத்துபவர் என்று மூன்று படிகள் இருக்கின்றன. உபயப் பட்டியலைத் திருத்த இருவர் போதும். மற்றச் செயலவையினர் பிழை கண்டால் கருத்தாக எழுதட்டும். அன்றைக்கு நான் இதைச் செய்திருந்தால் அந்த அம்மாள் கண் கலங்கியிருக்க மாட்டார். திருத்துபவர் தாமாகவே பிறருக்கு உரிமை கொடுக்கும் வசதியையும் கோப்பின் அமைப்பில் நிறுத்தி வைக்கலாம்.

மூன்றாவது, உபயகாரர் விவரம். பெயர், தொலைபேசி எண், அடையாளக் கார்டு எண், கொடுத்த தொகை ஆகியவற்றை உபயக் குழுவும் கணக்குக் குழுவும் தவிர வேறு யாரும் பார்க்கத் தேவையில்லை. மோசடிக்காரர்கள் கோயில் பெயரைச் சொல்லி உபயகாரரையே அழைக்கும் காலம் இது. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனையைக் கருதி எழுதப்பட்டது. அது நம்மைப் பிடிக்குமா, பிடிக்காதா என்று வாதாட வேண்டாம். நம்பிக் கொடுத்தவரின் விவரத்தைக் காப்பது தருமம். புதிய உபயங்களை இணையப் படிவம் மூலம் வாங்கினால், அது லோட்டஸ் நோட்ஸில் பார்த்த உண்டியலைப் போலவே வேலை செய்யும். நிரப்புபவர் பிறர் நிரப்பியதைக் காண முடியாது.

நான்காவது, தலைமைச் சாவி. உரிமைகளை மாற்றும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் கதவு பூட்டியபடியே நிற்கும். இருவரிடம் இருக்கட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாற்றுச் சாவி வேறு, இரட்டைப் பூட்டு வேறு. இரு நிர்வாகிகள் என்றால் இருவரும் தனித்தனியே திறக்கலாம். பணத்துக்கு அது போதாது. வங்கி இணையச் சேவையில் ஒருவர் தயாரிக்க, மற்றவர் ஒப்புதல் தரும் முறையை வைத்துக் கொள்ளுங்கள். காசோலையில் இரண்டு கையெழுத்து வாங்குகிறோமே, அதைப் போல.

ஐந்தாவது, கணக்காய்வாளர். அவர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், எதையும் திருத்தக்கூடாது. அவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள்.

ஆறாவது, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்புகிறோம். அதே வாரத்தில் குழுக்களின் பெயர்ப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். விலகியவர் பெயரை எடுங்கள், வந்தவர் பெயரைச் சேருங்கள், மாற்றியதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்.

"தம்பி, இருபது வருஷமா கோயிலுக்கு உழைச்சவன், என்னையே நம்பலையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். நான் சொன்ன பதில் இதுதான்: "ஐயா, உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டது உங்களைத் திருடன் என்று நினைத்து அல்ல. நாளைக்குப் பணம் குறைந்தது என்று ஒருவன் நாக்கில் பல்லுப் போட்டுப் பேசினால், உங்கள் பெயர் கெடாமல் காப்பது அந்தப் பூட்டுத்தான்." அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தம் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, தம் திருத்தும் உரிமையைத் தாமே எடுக்கச் சொன்னார். அந்தப் பெரியவரை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவில் ஆறாம் நாள் அர்ச்சனைக்கு அந்த மூதாட்டியின் கணவர் பெயரை ஒலிபெருக்கியில் நானே படித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திருநீறு எடுத்து என் நெற்றியில் இட்டார்.

கொடுத்தவர் பெயர் அழியாமலும், கொடுத்த பொருள் குறையாமலும் காப்பதும் இறைபணியே என்று கூறி, எல்லாம் வல்ல முருகப் பெருமான் நம் அனைவருக்கும் துணை நிற்க வேண்டி விடைபெறுகிறேன்.