மௌனம் சம்மதம் அல்ல



இன்று காலை பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றியிருப்பீர்கள். நீங்கள் காய்ச்சுவதற்கு முன்பே பால் பண்ணையில் அதை ஒரு தடவை சூடாக்கிவிட்டார்கள். 72 டிகிரி செல்சியஸில், 15 விநாடி. மணிக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் குழாய்க்குள் ஓடுகிறதே, அது 72 டிகிரியைத் தொட்டதா என்று யார் பார்ப்பது? விரலை விட்டுப் பார்க்க முடியுமா? அந்த வேலைக்குத்தான் சென்சார். தமிழில் உணரி.

சூடு, எடை, அழுத்தம், தூரம் என்று ஏதாவது ஒன்றை மின்சாரத்தின் பாஷைக்கு மாற்றிச் சொல்வது உணரி. பால் குழாயில் இருப்பது மெல்லிய பிளாட்டினக் கம்பி. பூஜ்யம் டிகிரியில் அதன் மின்தடை 100 ஓம். அதனால் பெயரே பிடி-100. சூடு ஏற ஏறத் தடையும் ஏறும். 100 டிகிரியில் 138.5 ஓம்.

ஆயிரம் டிகிரி கொதிக்கும் உலைக்கு வேறு ஆள் வேண்டும். அவர் தெர்மோகப்பிள். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை நுனியில் பற்றவைத்து உலைக்குள் நீட்டினால், சூட்டுக்கு ஏற்பச் சிறிது மின்னழுத்தம் பிறக்கும். 1821-இல் சீபெக் கண்ட விளைவு இது. தொழிற்சாலைகளில் அதிகம் புழங்கும் கே வகையில், ஆயிரம் டிகிரிக்குக் கிடைப்பது சுமார் 41 மில்லிவோல்ட். டார்ச் பாட்டரியில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதை வைத்துத்தான் உலையை ஆள்கிறார்கள்.

லாரி ஏறி நிற்கும் எடைமேடைக்கு அடியில் லோடுசெல். பாரம் ஏறியதும் அதன் எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு நெளியும். அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழையும் கூடவே நெளிய, தடை மாறும், எடை தெரியும். நூற்பாலையில் ஓடுகிற நூலைக் கண் இமைக்காமல் பார்த்து, தடித்த இடத்தையும் இளைத்த இடத்தையும் கண்டதும் வெட்டச் சொல்வதும் ஓர் உணரிதான்.

பட்டறையில் அதிகம் அடிபடும் பெயர் ப்ராக்ஸி. 1958-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தில் பிறந்தது. கட்டைவிரல் பருமனில் ஒரு குழல். பழுப்பு, நீலம், கருப்பு என மூன்று ஒயர். உலோகம் எதிரே வந்தால், தொடாமலே, சில மில்லிமீட்டர் தூரத்திலேயே தெரிந்துகொள்ளும். மெஷின் நின்றுவிட்டால் எலக்ட்ரீஷியன் முதலில் ஸ்குரூடிரைவர் நுனியை அதன் முகத்தெதிரே நீட்டுவார். பின்பக்கம் பொட்டு விளக்கு எரிந்தால், ‘இவன் நன்றாக இருக்கிறான்’ என்று அடுத்ததைப் பார்க்கப் போவார்.

மெஷின் ஓடும்போது விளக்கு எரியாவிட்டால்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ‘எதிரே ஒன்றுமில்லை’ என்றாலும் உணரி சும்மா இருக்கும். செத்துப்போனாலும் சும்மாதான் இருக்கும். எது எது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? கல்யாணப் பேச்சில் மௌனம் சம்மதமாக இருக்கலாம். ஆலையில் அப்படி எடுத்துக்கொண்டால் கை போய்விடும்.

அதற்கு ஓர் அழகான ஏற்பாடு, 4 முதல் 20 மில்லியாம்பியர். பூஜ்யம் முதல் 100 டிகிரி வரை அளக்கும் கருவி என்றால், பூஜ்யம் டிகிரிக்கு 4 மில்லியாம்பியர் அனுப்பும். 100 டிகிரிக்கு 20. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? ‘ஒன்றுமில்லை’ என்பதையும் வாய் திறந்து சொல்லத்தான். மின்னோட்டம் பூஜ்யத்துக்கு விழுந்தால் அது சூட்டின் கணக்கு அல்ல. ஒயர் அறுந்த கணக்கு.

அறுந்தது தெரிந்துவிட்டது. பிறகு என்ன செய்வது? உலையில், கம்பி அறுந்தால் ‘உச்சச் சூடு’ என்று காட்டும்படி வைப்பார்கள், ஹீட்டர் அணைந்துவிடும். ‘குளிர்ச்சி’ என்று காட்டினால் உலை எரிந்துகொண்டே போகும். பால் பண்ணையிலோ நேர் எதிர். அங்கே அறுந்தால் ‘சூடு போதவில்லை’ என்று காட்ட வேண்டும். அப்போதுதான் வால்வு திரும்பி, பாலை வந்த தொட்டிக்கே அனுப்பும், பாக்கெட்டுக்குப் போகவிடாது. ஒரே பழுது, இரண்டு இடத்தில் இரண்டு பதில், இரண்டும் சரி.

தகடு வெட்டும் பிரஸ் முன்னால் ஒளித்திரை வைப்பதும் இந்தக் கணக்கில்தான். ஒரு பக்க விளக்கின் ஒளி மறுபக்க உணரிக்கு வந்துகொண்டிருக்கும்வரைதான் பிரஸ் இறங்க அனுமதி. கை குறுக்கிட்டாலும் ஒளி வராது. விளக்கு கெட்டாலும் வராது. எப்படியானாலும் பிரஸ் நிற்கும். விளக்கு கெட்டதால் ஒருமணி நேர வேலை நஷ்டமாகலாம், விரல் மிஞ்சும்.

ஆகவே உணரி வாங்கப் போகிறவர்கள் எவ்வளவு துல்லியம், என்ன விலை என்று கேட்பதோடு, ‘இது கெட்டால் என்ன சொல்லும்?’ என்றும் கேளுங்கள்.

உங்கள் கையிலுள்ள வானொலிப் பெட்டிக்கு இந்தப் பாடம் தெரியும். பேச்சின் நடுவே நான் நிறுத்தினால் பெட்டியில் அமைதி. நிலையமே நின்றுபோனால் அமைதி வராது. உஸ்ஸென்ற இரைச்சல்தான் வரும். இதோ, நான் பேச்சை முடிக்கிறேன். இரைச்சல் வராதவரை நிலையம் இருக்கிறது என்று அர்த்தம்.