கடைசி பெஞ்சுக்கும் தெரியும் திரை

பருத்திக்கும் முருங்கைக்கும் பேர்போன மூலனூர் வட்டாரத்து ஆசிரியர்களுக்காக, வகுப்பில் கணினிப் படத்தை டிவியில் காட்டுவது பற்றி இன்று ஒரு தகவல்.

1982-இல் இங்கிலாந்தில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினிக்குத் தனித் திரையே கிடையாது. வீட்டு டிவியில்தான் இணைத்தார்கள். அந்த வழி இன்றைக்கும் கைகொடுக்கும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. அப்படி ஒரு மடிக்கணினியும், ஒரு எல்.இ.டி. டிவியும், ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளும் இருந்தால் போதும்.

கேபிளைச் செருகுங்கள். ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அழுத்தி, செருகிய போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். கணினியில் விண்டோஸ் விசையோடு ‘பி’ அழுத்தி, ‘டூப்ளிகேட்’ கொடுங்கள்.

படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறதா? சில டிவிகள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும். பட அமைப்பில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ வைத்தால் முழுதும் தெரியும்.

ஜன்னல் வெளிச்சம் நேரே விழும் சுவரில் டிவியை மாட்டாதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கி, கடைசி பெஞ்சில் நீங்களே உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

பருத்திக் காய் வெடித்துப் பஞ்சாவதைத் திரையில் பெரிதாகப் பார்க்கும் பிள்ளைக்குப் பாடம் மறக்காது. அந்த வாய்ப்பு எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கட்டும்.